கடலோரத்துக் கால்களுக்கு ஒரு மேடு

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. விடிவதற்கு முன்பே அங்கே நடப்பவர்கள் கூடிவிடுகிறார்கள். கடலூரில் சில்வர் பீச்சிலும் மஞ்சக்குப்பம் மைதானத்திலும் இதே காட்சிதான். மருத்துவர் சொன்னதற்காக வருபவர்கள், நண்பர்களுக்காக வருபவர்கள், தூக்கம் கலைந்துபோனதால் வருபவர்கள் என்று எல்லோரும் நடக்கிறார்கள். மிக நல்ல பழக்கம். ஆனால் இதில் ஒன்று விடுபட்டுப்போகிறது. அதுதான் மேடு. சமவெளியில் பிறந்து வளர்ந்த நம் கால்கள் வீட்டு மாடிப்படியைத் தவிர வேறு ஏற்றத்தைப் பார்ப்பதே இல்லை. அந்த மாடிப்படியையும் இப்போது லிஃப்ட் பிடுங்கிக்கொண்டுவிட்டது.

மலைநடை என்றதும் பலருக்கு இமயமலையும் கயிறும் பனிக்கோடரியும் நினைவுக்கு வருகின்றன. அது மலையேறும் வீரர்களின் துறை. நான் சொல்லும் மலைநடை மிக எளியது. தார் போடாத, சிமென்ட் பூசாத இயற்கையான தரையில், ஏற்ற இறக்கம் உள்ள வழியில், ஒன்றிரண்டு மணி நேரமாவது தொடர்ந்து நடப்பது. கையால் பற்றி ஏற வேண்டிய இடம் வந்தால் அது பாறையேற்றம். கூடாரம் சுமந்து பல நாள் போனால் அது நீண்ட டிரெக்கிங். இரண்டுக்கும் கீழே, யாரும் தொடங்கக்கூடிய இடத்தில் இருப்பது மலைநடை.

நடை நமக்குப் புதிதல்ல. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்குப் போகும் பக்தர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நம் ஊர்களைக் கடந்துதான் போகிறார்கள். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றாத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு. தூரத்துக்கு அஞ்சாத மக்கள் நாம். அந்தப் பழக்கத்தோடு ஏற்றத்தைச் சேர்த்துக்கொண்டால் உடம்புக்கு என்னவெல்லாம் கிடைக்கும் என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

தரை செய்யும் வேலை

சமதளத்தில் நடக்கும்போது உடம்பு மிகச் சிக்கனமாக இயங்குகிறது. ஒரு காலை ஊன்றி, உடம்பை அதன் மேல் சாய்த்து, அந்த வேகத்திலேயே அடுத்த காலை வீசுகிறோம். தசைகளுக்குப் பெரிய வேலை இல்லை. அதனால்தான் மணிக்கணக்கில் நடக்க முடிகிறது. அதனால்தான் பல ஆண்டுகள் நடந்தும் தொடையில் பெரிய வலு ஏறுவதில்லை.

ஏற்றத்தில் நிலைமை மாறிவிடுகிறது. ஒவ்வோர் அடியிலும் உங்கள் முழு எடையையும் நீங்களே மேலே தூக்க வேண்டும். தொடையின் முன்பக்கத் தசையும் பிட்டத் தசையும் அதைச் செய்கின்றன. உடம்பிலேயே மிகப் பெரிய தசைகள் இவை. பெரிய தசை வேலை செய்தால் அதிக ஆக்சிஜன் வேண்டும், இதயம் வேகமாகத் துடிக்க வேண்டும், நுரையீரல் ஆழமாக இழுக்க வேண்டும். நடையின் வேகத்தைக் கூட்டாமலேயே இதயத்துக்குப் பயிற்சி கிடைத்துவிடுகிறது. ஓடினால் மூட்டு அதிரும் என்று பயப்படுகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

படியேறுவதன் பலன் வெகுகாலமாகத் தெரிந்ததுதான். 1953-இல் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றி ஜெரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. உடலுழைப்புக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிய நவீன ஆராய்ச்சிக்கு அடித்தளமிட்ட வேலை அது.

இறக்கத்தைப் பற்றி மக்கள் அதிகம் நினைப்பதில்லை. இறங்குவது சுலபம், அதில் என்ன பயிற்சி என்று தோன்றும். மூச்சுக்குச் சுலபம்தான், தசைக்கு அப்படி இல்லை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது, பிரேக் போடுகிறது. தசை வலுவாவதற்கு மிக ஏற்ற உழைப்பு இது. அதேசமயம் இதயத்துக்குச் சுமை குறைவு.

ஆஸ்திரிய மருத்துவர்கள் இதைப் பிரித்துப் பார்க்க ஓர் அருமையான வழியைக் கண்டுபிடித்தார்கள். உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்களை ஆல்ப்ஸ் மலையில் இரண்டு மாதம் ஏறமட்டும் சொன்னார்கள், கீழே வரக் கேபிள் கார். இன்னும் இரண்டு மாதம் கேபிள் காரில் மேலே போய் இறங்கமட்டும் சொன்னார்கள். கெட்ட கொலஸ்டிரால் இரண்டிலும் குறைந்தது. இரத்தத்தில் உள்ள டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏற்றத்தில் குறைந்தது. சர்க்கரையைக் கையாளும் திறன் இறக்கத்தில் கூடியது. மேலே ஏறிப் பிறகு அதே காலோடு இறங்கி வருகிறவருக்கு இரண்டு பலனும் கிடைக்கிறது.

மூன்றாவது, தரையின் ஒழுங்கின்மை. கல், வேர், சரளை, சரிவு என்று காலடி ஒவ்வொன்றும் வேறுவேறு கோணத்தில் விழுகிறது. கணுக்காலைச் சுற்றியுள்ள சிறு தசைகள் ஒவ்வொரு முறையும் திருத்திக்கொள்கின்றன. கால் எங்கே எப்படி நிற்கிறது என்ற செய்தி மூளைக்கு ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது. வயதானவர்கள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறித்துக்கொள்வதை ஒவ்வொரு தெருவிலும் பார்க்கிறோம். தடுமாறும்போது உடம்பைப் பிடித்து நிறுத்துவது இந்தச் சமநிலைதான். டைல்ஸ் தரையிலும் தார்ச்சாலையிலும் மட்டுமே புழங்கும் காலுக்கு அதைப் பழக வாய்ப்பே இல்லை. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மலைநடையின் மிகப் பெரிய பரிசு இதுதான் என்பது என் கருத்து. எடைக் குறைப்புக்கு இதற்குப் பிறகுதான் இடம்.

எடையைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 60 கிலோ எடையுள்ளவர் 240 மீட்டர் உயரம் ஏறினால், உடம்பைத் தூக்கும் வேலைக்கு மட்டும் சுமார் 34 கிலோகலோரி ஆகிறது. தசை தான் எரிப்பதில் நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்பதால் உண்மைச் செலவு 135 கிலோகலோரி அளவுக்கு வரும். இரண்டு மூன்று இட்லி. முன்னும் பின்னும் நடக்கும் தூரத்தைச் சேர்த்தால் இன்னும் கூடும். ஆனாலும் மலையிலிருந்து இறங்கிய கையோடு பரோட்டாக் கடையில் உட்கார்ந்தால் கணக்கு நேராகிவிடும். தொப்பை கரையும் என்று சொல்லி யாரையும் மலைக்கு அழைக்க நான் விரும்பவில்லை. அழைப்பதற்கு அதைவிட நல்ல காரணங்கள் இருக்கின்றன.

சர்க்கரையும் தசையும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. புதுச்சேரியில் 26.3 விழுக்காடு. கோவாவுக்கு மட்டுமே இதைவிடச் சற்று அதிகம். வயதுவந்த நான்கு பேரில் ஒருவர் என்பது நம் தெருவைப் பற்றிய செய்தி, நம் வீட்டைப் பற்றிய செய்தி.

சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் சேர்கிறது. அதைத் தசைக்குள் அனுமதிக்கும் வேலையை இன்சுலின் செய்கிறது. நீரிழிவில் இன்சுலின் போதாமல் போகிறது, அல்லது தசை அதன் சொல்லைக் கேட்பதில்லை. ஆனால் தசைக்குள் சர்க்கரை நுழைய இன்னொரு வழியும் உண்டு. தசை சுருங்கி வேலை செய்யும்போது, சர்க்கரையை உள்ளே இழுக்கும் கடத்திகள் இன்சுலினின் தயவு இல்லாமலேயே செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. நடை முடிந்த பிறகும் பல மணி நேரத்துக்குத் தசை இன்சுலினுக்கு முன்பைவிட நன்றாகச் செவிசாய்க்கிறது. இயங்கும் தசை பெரிதாக இருந்தால் இழுக்கும் சர்க்கரையும் அதிகம். தொடையும் பிட்டமும் முழுமூச்சாக உழைக்கும் ஏற்றம் நீரிழிவுக்காரருக்கு ஏன் உகந்தது என்பது இதிலிருந்து விளங்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் நீண்ட ஏற்றத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ சட்டைப்பையில் இருக்க வேண்டும். அது கூட வருபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்தது பாதம். நீரிழிவு நீண்ட நாள் இருந்தால் பாதத்தின் உணர்வு மங்கிவிடும். ஷூவுக்குள் கல் புகுந்ததோ கொப்புளம் உடைந்ததோ தெரியாது. வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பார்த்தே ஆக வேண்டும். வெறுங்காலோடு மலையேறும் வேண்டுதல் உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

எவ்வளவு நடக்க வேண்டும்? வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தினம் 10,000 அடி என்பது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணும் கருவியோடு பரவிய கணக்கு. அதைத் தொடாத நாளில் மனம் நொந்துகொள்ள வேண்டியதில்லை. மிதமான உழைப்பு எது என்று அறியக் கருவியும் தேவையில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேச்சே திணறினால் வேகத்தைக் குறையுங்கள்.

மனம்

புதுச்சேரியிலிருந்து மேற்கே போனால், வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஊசுட்டேரி நிறைந்து கிடக்கும். கரையில் நடந்தால் நாமக்கோழிகளும் நத்தைகுத்தி நாரைகளும் கண்ணில் படும். பறவை பார்க்கத் தெரிய வேண்டும் என்ற அவசியம் இல்லை. அரை மணி நேரம் நடந்ததும் மனம் தன்பாட்டில் தளர்ந்து கொடுப்பதை உணர்வீர்கள்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினரை மரமும் புல்லும் உள்ள இடத்தில் 90 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரை வாகனம் இரைச்சலிடும் சாலையோரம் அதே நேரம் நடக்கச் சொன்னார்கள். தன்னைப் பற்றிய மனக்குறையையே திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருக்கும் பழக்கம் முதல் பிரிவினரிடம் குறைந்தது. அதோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் செயல்பாடும் தணிந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. 2011-இல் வந்த வேறோர் ஆய்வு முதியவர்களைப் பற்றியது. ஓர் ஆண்டு முறையாக நடந்தவர்களுக்கு நினைவாற்றலோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சுமார் 2 விழுக்காடு பெரிதாகியிருந்தது. வயதோடு சுருங்கிப்போகும் பகுதி அது.

ஆய்வுகளில் அடங்காத இன்பங்களும் உண்டு. மலைவழியில் இருவர் நடந்தால் பேச்சு வேறு மாதிரி அமைகிறது. முகத்துக்கு முகம் பார்க்காமல் வழியைப் பார்த்துக்கொண்டு பேசுவதால், வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்ல முடிகிறது. வயதுக்கு வந்த மகனோடு, மகளோடு பேச வழி தெரியாமல் தவிக்கும் பெற்றோருக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது இருவரும் மௌனமாகிவிடுவார்கள், அந்த மௌனம் உறுத்தாது. பிறகு பசி. காலையில் கட்டிய புளியோதரையும் தயிர்சாதமும் மாவடுவும் மலையுச்சிப் பாறை நிழலில் எப்படி ருசிக்கும் என்பதை ஒரு முறை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

எங்கே தொடங்குவது

கடலூர்க்காரர்களுக்கு வாசலிலேயே கேப்பர் மலை இருக்கிறது. மலை என்று பெயர், உண்மையில் செம்மண் மேடு. ஆனால் இந்த மேட்டின் பாறைக்கு ஒரு பெருமை உண்டு. புவியியல் நூல்களில் கடலூர் மணற்கல் என்று ஊரின் பெயரிலேயே குறிப்பிடப்படும் படிவம் இது. மேட்டுச் சாலையில் நிதானமாக ஏறி இறங்கினால் முதல் மாதப் பயிற்சிக்கு வேறு எதுவும் வேண்டாம். திருவந்திபுரத்தில் தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே ஔஷதகிரி என்ற குன்றும், மேலே ஹயக்ரீவர் சன்னதியும் உள்ளன. 74 படிகள். முகூர்த்த நாளில் கல்யாணக் கூட்டம் அலைமோதும், மற்ற நாட்களில் அதிகாலையில் போனால் அமைதியாக இருக்கும். சாமி கும்பிட்டுவிட்டு மூன்று நான்கு முறை ஏறி இறங்கினால் தொடை தன் நிலவரத்தைச் சொல்லிவிடும்.

புதுச்சேரிப் பக்கத்தில் பொம்மையார்பாளையத்தை ஒட்டி, ஆரோவில் மேட்டு நிலத்தில் மழைநீர் அரித்துச் செய்த செம்மண் பள்ளங்கள் இருக்கின்றன. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு பெரும்பாலும் மரமற்ற, அரித்துப்போன நிலம். வரப்பு கட்டி, மழைநீரைத் தேக்கி, மரம் வைத்து அதைக் காடாக்கியிருக்கிறார்கள். அரிப்பு என்றால் என்ன, காடு அதை எப்படித் தடுக்கிறது என்பதை ஒரே காலை நடையில் காணலாம். மழைக்காலத்தில் பள்ளத்தின் விளிம்பில் நிற்காதீர்கள், அந்த மண் எந்த நேரமும் பெயர்ந்து விழும். வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றிக் காடு இன்னும் நிற்கிறது. கோரமண்டல் கடற்கரையின் சொந்தக் காடு எப்படி இருந்தது என்று காட்டும் மிச்சம் அது. வெப்பத்திலும் இலை உதிர்க்காத, அதிகம் உயராத, நெருக்கமான காடு. அய்யனாருக்கு உரியது என்று ஊர்மக்கள் கை வைக்காததால் பிழைத்தது. நாமும் அதே மரியாதையோடு உள்ளே போக வேண்டும்.

திருவக்கரைக்குப் போனால் கல்மரப் பூங்காவைத் தவறவிடாதீர்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் உள்ள இடம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஆற்றுவெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்த மரங்களுக்குள் சிலிக்கா கரைந்த நீர் ஊறி, மரத்தின் நார் இருந்த இடத்தில் கல் வந்து உட்கார்ந்துவிட்டது. பட்டையும் ஆண்டு வளையமும் கணுவும் அப்படியே தெரிகின்றன. கேப்பர் மலையில் நீங்கள் மிதித்த அதே கடலூர் மணற்கல் படிவத்தில்தான் இவை கிடைக்கின்றன என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பு இன்னும் குறையவில்லை. ஒரு சில்லைக்கூட எடுத்துவரக் கூடாது.

இவற்றில் ஓரிரு மாதம் பழகியவர்களுக்கு அடுத்தது செஞ்சி. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டை. மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் கை மாறியது. 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். 2025 ஜூலையில், மராத்தியப் படைக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான்.

கிருஷ்ணகிரி சிறியது. முதல் முறை அதில் ஏறுங்கள். ராஜகிரி சுமார் 240 மீட்டர் உயரம். உருண்டைப் பாறைகளுக்கு நடுவே வளைந்து போகும் கற்படிகள், வாசலுக்கு மேல் வாசல், உச்சிக்கு முன்னால் ஆழமான பிளவைத் தாண்ட ஒரு சிறு பாலம். மேலே நின்றால் நெல்வயல்களும் ஏரிகளும் தொடர்ச்சியான பாறைக் குன்றுகளும் தெரியும். படிகள் ஒரே உயரத்தில் இல்லை, சில முழங்கால் அளவுக்கு வரும். நேரத்தைக் கணிக்க ஓர் எளிய வழி உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான நெய்ஸ்மித் 1892-இல் சொன்னது. சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ராஜகிரிக்கு ஏற்றக் கணக்கில் 24 நிமிடம் கூடும். இது குளிர்நாட்டுக் கணக்கு, பழகியவர் கணக்கு. நம் வெயிலில் புதியவர்கள் இரு மடங்காக வைத்துக்கொள்வதே சரி. கோட்டை திறந்தவுடன் ஏறிவிடுங்கள். பிற்பகலில் உச்சிக்கு விடமாட்டார்கள், அதற்குள் பாறையும் சுட்டுவிடும். குரங்குகளுக்குத் தீனி காட்டாதீர்கள். பாறையிலும் மண்டபச் சுவரிலும் பெயர் செதுக்கிவைத்திருக்கிறார்கள். நூற்றாண்டுகளாக நிற்கும் ஒரு சுவரைக் கெடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

அதற்கு மேல் ஆசை இருந்தால் திருவண்ணாமலை. ரமணாசிரமத்தின் பின்பக்கமிருந்து ஸ்கந்தாசிரமத்துக்குப் போகும் கல்பாவிய பாதை, ரமணர் 1922 வரை மலையில் வாழ்ந்த இடத்துக்கு அழைத்துச் செல்லும்.

வெயில், தண்ணீர், செருப்பு

கடலோர வெயிலில் காற்றின் ஈரம்தான் வில்லன். வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது, உள்சூடு ஏறிக்கொண்டே போகும். ஆகவே டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரைதான் நம் மலைநடைப் பருவம். மார்ச்சுக்குப் பிறகு விடிகாலையில் தொடங்கி எட்டரை மணிக்குள் முடித்துவிட வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் மாடிப்படியோடு நிறுத்திக்கொள்ளலாம். தலை சுற்றல், குமட்டல், தலைவலி வந்தால் நிழலில் உட்காருங்கள். வியர்வை நின்று தோல் கொதித்தாலோ பேச்சு குழறினாலோ அது உயிராபத்து. உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் என்பது தோராயமான அளவு. நீண்ட நடையில் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்காமல் உப்பும் சேர வேண்டும். உப்பிட்ட நீர்மோர், எலுமிச்சை ரசம், ஓஆர்எஸ் எதுவானாலும் சரி. கடலைமிட்டாயும் வாழைப்பழமும் வழிக்குப் போதும்.

காலணிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்காதீர்கள். அடியில் நல்ல பிடிப்பும், விரலுக்கு முன்னால் அரை அங்குல இடமும் உள்ள சாதாரண ஷூ போதும். இறக்கத்தில் விரல் முன்னால் மோதும் என்பதால் முதல்நாளே நகத்தை வெட்டிவிடுங்கள். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். நம் பக்கத்துச் சீமைக் கருவேல முள் அதை ஊடுருவிப் பாதத்தில் ஏறும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஒரு நல்ல கம்பை எடுத்துக்கொண்டு, இறங்கும்போது சிறு சிறு அடியாக வைக்க வேண்டும். மூட்டுக்கு அதிகச் சுமை வருவது இறக்கத்தில்தான்.

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமற்ற மயக்கம் ஆகியவை வந்தால் அன்றைய நடை அங்கேயே முடிந்தது. இரத்த அழுத்தம், இதயநோய், நீரிழிவு உள்ளவர்கள் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். புதர் ஓரத்தில் கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள், பாறை இடுக்கில் கையை விடாதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதும் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கேடு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போவதே வழி.

காட்டுக்குள் போவதென்றால்

மேற்கே உண்மையான மலைக்காடுகளுக்கு வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் டிரெக்கிங் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வகைப்படுத்தி, இணையத்தில் முன்பதிவு செய்யும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எளிது, மிதம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். உள்ளூர் மக்கள், பழங்குடியினர் வழிகாட்டிகளாக வருகிறார்கள். அவர்களுக்கு வருமானம், நமக்குப் பாதுகாப்பு. தீ பரவும் கோடையில் பாதைகளை மூடிவிடுவார்கள். அப்போது அறிமுகமான ஒருவர் மூலம் குறுக்கு வழியில் நுழையலாம் என்று யாராவது சொன்னால், அவரோடு எந்த மலைக்கும் போகாதீர்கள்.

முதல் செஞ்சிப் பயணத்துக்கு மறுநாள் தொடை வலிக்கும், அதற்கு அடுத்த நாள் இன்னும் அதிகமாக வலிக்கும். உங்களுக்கு எதுவும் ஆகிவிடவில்லை. இறக்கத்தில் நீண்டு உழைத்த தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதம் ஆறிக்கொண்டிருக்கிறது. படுத்துக் கிடக்காமல் கடற்கரைச் சாலையில் மெதுவாக நடந்தால் வலி சற்றுத் தளரும். மூட்டு வீங்கினாலோ ஒரே இடத்தில் குத்தும் வலி இருந்தாலோ மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். தசை ஒரு முறை பட்ட பாட்டைப் பல வாரங்கள் நினைவில் வைத்திருக்கும். அதனால் அடுத்த ஏற்றத்தை ஒரு மாதத்துக்குள் வைத்துக்கொண்டால் வலி பாதியாகக் குறைந்திருக்கும், கிருஷ்ணகிரியோடு ராஜகிரியையும் அன்றே பார்த்துவிடலாம்.